பீப்பாயில் மிஞ்சிய விஷம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகளின் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டு வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. அதிலிருந்து முதலில் என் மைத்துனர் இறங்கினார். அவரைத் தொடர்ந்து நீல வர்ணம் பூசிய பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்று இறங்கியது. இருநூறு லிட்டர் கொள்ளக்கூடியது. துரு இல்லை, நசுங்கல் இல்லை. மைத்துனருடைய முகத்திலே திக்விஜயம் செய்து திரும்பிய ராஜகுமாரனுடைய களை வீசியது.

"அத்தான்! பழைய இரும்புக் கடையில் அறுநூறு ரூபாய்க்குப் பேசி முடித்தேன். புதிதாக வாங்கினால் இந்த விலைக்குக் கிடைக்குமா?" என்றார்.

வருகிற வைகாசியில் அவருடைய மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். கடை எண்ணெயில் நம்பிக்கை இல்லாதவராகையால், கிராமத்துச் செக்கிலே ஆட்டிய நல்லெண்ணெயையும் கடலை எண்ணெயையும் மொத்தமாக வாங்கிக் கொண்டுவந்து வைத்துக்கொள்வது என்று தீர்மானித்திருந்தார். அதற்குத்தான் இந்தப் பீப்பாய். சுத்தமான எண்ணெய் வேண்டும் என்ற நல்ல நோக்கத்துடன்தான் மனிதர் காரியத்தில் இறங்கியிருக்கிறார் என்பதை நேயர்கள் மறந்துவிடக் கூடாது.

நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பீப்பாயைச் சுற்றி வந்தேன். பக்கவாட்டில் ஒட்டியிருந்த காகிதத்தில் பாதி கிழிந்து போயிருந்தது. மீதிப் பாதியில், விமான டர்பைன் யந்திரங்களுக்கான மசகு எண்ணெய் என்ற பொருள்படும் எழுத்துக்கள் இன்னும் அழியாமல் இருந்தன.

"இதில் சமையல் எண்ணெய் ஊற்றக் கூடாது" என்றேன்.

"வெந்நீரும் சோப்பும் போட்டு இரண்டு தரம் கழுவினால் போயிற்று. மண்ணெண்ணெய் டின்னைக் கழுவி அதிலே அரிசி போட்டு வைத்த எங்கள் பாட்டி தொண்ணூறு வயது வரையில் இருந்தாளே!" என்றார் மைத்துனர்.

என் மனைவியும் தம்பியின் கட்சியில் சேர்ந்துவிட்டாள். "உங்களுக்கு எதிலும் சந்தேகம்தான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். பாட்டியின் ஆயுளை ஆதாரமாகக் காட்டி வாதம் செய்பவர்களை ஒரு வார்த்தையில் ஜெயிக்க முடியாது. ஆகவே அன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு பேரையும் உட்கார வைத்து நான் சொன்ன விவரங்களையே இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்லுகிறேன்.

ஆகாய விமானத்தின் டர்பைன் யந்திரத்துக்குள்ளே இருக்கும் சுழல் தண்டு நிமிஷத்துக்குப் பதினாயிரம் தடவைக்கு மேல் சுற்றுவது சாதாரணம். அந்தத் தண்டைத் தாங்கும் எஃகுக் குண்டுகளும் உருளைகளும் கடுமையான சூட்டிலும் அழுத்தத்திலும் வேலை செய்கின்றன. பூமியிலிருந்து எடுக்கும் சாதாரண மசகு எண்ணெயை அங்கே ஊற்றினால் சீக்கிரத்திலேயே கருகிக் கரியாகிவிடும். ஆகையால் ரஸாயன சாலைகளில் எஸ்டர் என்னும் வகையைச் சேர்ந்த எண்ணெயைச் செயற்கையாகத் தயாரிக்கிறார்கள். அத்துடன், உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயாமல் இருப்பதற்காக வேறு ஒரு பொருளையும் சேர்க்கிறார்கள். நூற்றுக்கு மூன்று பங்கு அளவில் சேரும் அந்தப் பொருளுக்கு ட்ரைக்ரெஸைல் பாஸ்பேட் என்று பெயர். அது எஃகின் மேல் மிக மெல்லிய ஏடு போலப் படிந்து அதைக் காப்பாற்றுகிறது. யந்திரத்துக்கு அது கவசம். ஆனால் மனிதனுடைய நரம்புக்கு அது என்ன செய்யக்கூடும் என்பதிலேதான் நம் கதை இருக்கிறது.

கிரெஸால் என்னும் திரவத்தையும் பாஸ்பரஸ் சம்பந்தமான ஒரு பொருளையும் சேர்த்து இதைத் தயாரிக்கிறார்கள். கிரெஸாலில் ஆர்த்தோ, மெட்டா, பாரா என்று மூன்று வகை உண்டு. மூன்றிலும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றே. அவை அமைந்திருக்கும் இடம்தான் வேறு. ஒரே வீட்டில் பிறந்த மூன்று சகோதரர்களில் இரண்டு பேர் பரம சாதுக்களாகவும் ஒருவன் மட்டும் போக்கிரியாகவும் இருப்பதை நாம் பார்த்ததில்லையா? இங்கே ஆர்த்தோ வகைதான் போக்கிரி. மூன்று பங்கும் ஆர்த்தோவாக இருப்பதே அதிகக் கொடியது என்று முதலில் எண்ணினார்கள். ஆனால் ஒரு பங்கு மட்டும் ஆர்த்தோவாக இருக்கும் கலவை அதைவிடப் பல மடங்கு விஷமுள்ளது என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹென்ஷ்லர் 1958-ல் எடுத்துக் காட்டினார்.

விஷம் என்றதும், குடித்தவுடன் வாயில் நுரை தள்ளி விழுவதைத்தான் நாம் நினைக்கிறோம். இந்த விஷத்தின் போக்கே வேறு. இதற்கு நிறம் கிடையாது. குறிப்பிடத்தக்க வாசனையும் கிடையாது. எண்ணெயில் நன்றாகக் கரைந்துவிடும். உட்கொண்ட அன்று கொஞ்சம் வயிற்றைப் புரட்டலாம், பேதியாகலாம், சிலருக்கு அதுகூட இராது. மறுநாள் எல்லாம் சரியாகிவிடும். மனிதன் பத்து நாள், இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூடச் சௌக்கியமாக நடமாடுவான். பிறகு ஒரு நாள் கெண்டைக்கால் வலிக்கும். விரல் நுனிகள் மரத்துப் போகும். அதன் பின் பாதம் தொங்கிவிடும். செருப்பு காலில் நிற்காது. சில நாளில் கைகளும் பலம் குன்றி, சட்டைப் பொத்தானைப் போடுவதற்கே பிறர் உதவி வேண்டியிருக்கும்.

இந்தத் தாமதத்துக்குக் காரணம் என்ன? உடம்புக்குள் சென்ற ஆர்த்தோ பொருளை ஈரல் வேறு ஒரு பொருளாக மாற்றுகிறது. அந்த மாறிய பொருள்தான் உண்மையான விஷம். 1961-ல் கஸிடா முதலிய விஞ்ஞானிகள் அதைப் பிரித்துக் கண்டறிந்தார்கள். அது நரம்பில் இருக்கும் ஒரு முக்கியமான என்சைமைப் பற்றிக்கொண்டு, திரும்ப விடுவதில்லை. அதிலிருந்து நீளமான நரம்புகள் நுனியிலிருந்து மெல்ல மெல்லப் பட்டுக்கொண்டு வருகின்றன. வேரிலே பூச்சி அரித்த மரம் முதலில் உச்சிக் கிளையில் வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். உடம்பிலே மிக நீண்ட நரம்புகள் பாதத்துக்குச் செல்பவை. ஆதலால்தான் வியாதி முதலில் காலில் தெரிகிறது. கை கால்களின் நரம்புகள் காலக்கிரமத்தில் மறுபடி ஓரளவு வளரும்; ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் என்பது அவற்றின் வேகம். முதுகுத் தண்டுக்குள் ஏற்பட்ட சேதமோ சரியாவதில்லை. கைகள் தேறிய பிறகும் பலருக்குக் கால்கள் ஆயுள் முழுவதும் விறைத்தே இருந்துவிடுகின்றன.

இனி இது மனிதர்களிடம் விளையாடிய விளையாட்டைப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரையில் மதுவிலக்குச் சட்டம் அமலில் இருந்தது. சட்டத்துக்குப் பயந்தவர்கள் குடியை விட்டார்கள். மற்றவர்கள் வேறு வழி தேடினார்கள். ஜமெய்க்கா இஞ்சிச் சாறு என்ற பெயரில் மருந்துக் கடையில் விற்ற புட்டியில் முக்கால் பங்குக்கு மேல் சாராயமே இருந்தது. ஜனங்கள் அதைக் குடித்துவிடாமல் இருப்பதற்காக, காரமும் கசப்பும் உள்ள இஞ்சிச் சத்து இவ்வளவு இருந்தாக வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. அதிகாரிகள் சாறைக் காய்ச்சி, அடியில் மிஞ்சும் வண்டலை எடை போட்டுப் பார்ப்பார்கள். பாஸ்டன் நகரத்து வியாபாரிகள் இருவர் இந்த எடையைக் காட்டுவதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். காய்ச்சினாலும் ஆவியாகாத, நாக்குக்குத் தெரியாத ஓர் எண்ணெயை இஞ்சிச் சத்துக்குப் பதிலாகக் கலந்தார்கள். வர்ணப் பூச்சுக்களில் உபயோகமாகி வந்த அந்த எண்ணெய்தான் நம்முடைய ட்ரைக்ரெஸைல் பாஸ்பேட்.

1930-ம் வருஷ ஆரம்பத்தில் ஓக்லஹோமா நகரத்து வைத்தியர்களிடம் கால் விளங்காத ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். பிறகு தெற்கு மாகாணங்கள் எங்கும் அதே கதை. முழங்காலை உயரத் தூக்கி, பாதத்தைத் தரையில் 'படார் படார்' என்று அடித்து அவர்கள் நடந்த நடைக்கே ஜனங்கள் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். கால் இழந்தவர்களின் தொகை பல பதினாயிரம் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பெரும்பாலோர் ஏழைகள். அரசாங்க விஞ்ஞானிகளான ஸ்மித்தும் எல்வோவும் அதே ஆண்டில் குற்றவாளியான பொருளைக் கண்டுபிடித்துவிட்டார்கள். வியாபாரிகளுக்குக் கிடைத்த தண்டனை சொற்பம். பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நஷ்டஈடு எதுவும் கிடைக்கவில்லை. 'குடிகாரன்தானே!' என்று ஊர் சொல்லிவிட்டால் அப்புறம் நியாயம் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்?

குடிக்காதவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்று எண்ணி ஆறுதல் அடைய வேண்டாம். இருபத்தொன்பது வருஷம் கழித்து வந்த துயரம், மதுவைத் தொடாத குடும்பங்களின் அடுப்பங்கரை வழியாகவே வந்தது.

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில் மொராக்கோ என்ற தேசம் இருக்கிறது. அங்கே மெக்னெஸ் என்பது புராதனமான நகரம். 1959-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அந்நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கால் விழுந்த மனிதர்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கினார்கள். இளம்பிள்ளை வாதமோ, வேறு ஏதேனும் தொற்று நோயோ என்று முதலில் பயந்தார்கள். ஆனால் நோயாளிகளுக்குக் காய்ச்சல் இல்லை. ஒரு வீட்டில் தகப்பன், தாய், குழந்தைகள் என்று குடும்பமாக விழுந்திருக்க, அடுத்த வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கிருமிக்கு வீட்டு எல்லை தெரியாது, அடுப்புக்குத்தான் தெரியும். ஆகவே சாப்பாட்டில்தான் காரணம் இருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் ஊகித்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனத்தின் சார்பில் இங்கிலாந்திலிருந்து ஹானர் ஸ்மித், ஸ்பால்டிங் என்ற இரண்டு நரம்பு நிபுணர்கள் வந்தார்கள். மலிவாக விற்ற ஒரு சமையல் எண்ணெய் பிடிபட்டது. பரிசோதித்தால், அதில் இருந்தது ஜெட் விமானங்களின் டர்பைன் மசகு எண்ணெய்!

அது எப்படி அங்கே வந்தது? மொராக்கோவில் அப்போது அமெரிக்க விமானத் தளங்கள் இருந்தன. தளத்தில் வேண்டாம் என்று கழித்த உபரி எண்ணெயை விலைக்கு விற்றார்கள். வாங்கியவர்களில் சிலர் அதைச் சமையல் எண்ணெயோடு கலந்து புட்டியில் அடைத்துக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள். மசகு எண்ணெயின் விலை குறைவு, சமையல் எண்ணெயின் விலை அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவே கிடைத்த லாபத்துக்காகச் சுமார் பதினாயிரம் மக்கள் முடமானார்கள். செஞ்சிலுவைச் சங்கங்கள் பல தேசங்களிலிருந்து வைத்தியர்களையும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளர்களையும் அனுப்பி, அவர்களை நடக்கப் பழக்குவதற்கு மாதக் கணக்கில் பாடுபட்டன. அநேகர் தேறினார்கள், தேறாதவர்களும் உண்டு.

இந்த இடத்தில் மைத்துனர் குறுக்கிட்டு, "அத்தான், அது கலப்படம். வேண்டுமென்று செய்த அக்கிரமம். நான் வெறும் பீப்பாயை அல்லவா வாங்கி வந்திருக்கிறேன்?" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில், இலங்கையிலே நம்மவர்களுக்கு நேர்ந்த ஒரு சம்பவத்தில் இருக்கிறது.

இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் தமிழ் மக்கள் அங்கே போகும்போது தங்கள் பழக்க வழக்கங்களையும் கூடவே கொண்டு போனார்கள். பெண் பெரியவளானால் அவளைத் தனியே வைத்து, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நம்மில் பலருக்கும் தெரிந்த வழக்கம். இடுப்பு எலும்பு பலப்படும் என்று பாட்டிமார் ஆசையோடு கொடுப்பார்கள். 1977, 1978-ம் ஆண்டுகளில் அந்தத் தோட்டங்களில் இருபதுக்கு மேற்பட்ட இளம் பெண்களுக்குத் திடீரென்று கால்கள் பலம் இழந்தன. பிறகு கைகளும் சோர்ந்தன. பையன்களுக்கு அந்த நோய் இல்லை. ஏன் இந்த வயதுப் பெண்களுக்கு மட்டும் வருகிறது என்று ஆராய்ந்த வைத்தியர்கள், அவர்கள் மட்டும் உட்கொள்வது எது என்று கேட்டுக்கொண்டே போய், கடைசியில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் வந்து நின்றார்கள். அந்த எண்ணெயில் ட்ரைக்ரெஸைல் பாஸ்பேட் இருந்தது. சேனநாயக்கா, ஜெயரத்தினம் என்ற இரு வைத்திய நிபுணர்கள் இந்த விவரங்களை 1981-ல் 'லான்செட்' பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

அந்த எண்ணெயில் விஷம் எப்படிக் கலந்தது? முன்பு மசகு எண்ணெய் போன்ற கனிம எண்ணெய் இருந்த கலங்களிலே நல்லெண்ணெயைக் கொண்டுவந்ததால் நேர்ந்திருக்கக்கூடும் என்பது அவர்களுடைய முடிவு. அதாவது, பாத்திரம் மாறவில்லை. உள்ளே ஊற்றிய பொருள்தான் மாறியது. ஒருவரும் அந்தப் பெண்களுக்குக் கெடுதல் நினைக்கவில்லை. பாட்டி பிரியத்தோடுதான் கொடுத்தாள். கடைக்காரனும் அறியாமலே விற்றிருக்கலாம். ஆனால் நரம்புக்கு எண்ணம் தெரியாது.

இதைச் சொன்னபோது என் மனைவி ஒன்றும் பேசவில்லை. உள்ளே படித்துக்கொண்டிருந்த எங்கள் பெண்ணை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். இந்தச் சடங்கெல்லாம் எங்கள் வீட்டில் நடந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை.

"போகட்டும், எண்ணெய் வேண்டாம். தண்ணீராவது பிடித்து வைக்கலாமா?" என்றார் மைத்துனர். 1955-ல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் பழைய பீப்பாய்களில் தண்ணீர் வைத்துக் குடித்தவர்களுக்கு இதே வாதம் கண்ட செய்தியைச் சொன்னேன். அவர் வாயை மூடிக்கொண்டார். நம் தேசத்திலும் 1988-ல் கல்கத்தாவின் பேஹாலாப் பகுதியில் இந்தப் பொருள் கலந்த சமையல் எண்ணெயை உண்டு சில நூறு பேர் கால் விளங்காமல் போனார்கள். ஆகவே இதைத் தூர தேசத்துச் சங்கதி என்று தள்ளிவிடுவதற்கில்லை.

"கழுவினால் போயிற்று" என்ற வாதத்தையும் சற்றுப் பரிசீலிப்போம். இந்தப் பொருள் தண்ணீரில் கரையாது. பீப்பாயின் அடிமடிப்பிலும் தையலிலும் பழைய எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே பிரஷ் எட்டாது. கால் லிட்டர் எண்ணெய் தங்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு மூன்று வீதம் என்றால் அதிலே ஏழரை கிராம் இருக்கும். வெந்நீர் ஊற்றிக் குலுக்கினால் சிறிது வெளியே வரும். மீதி நல்லெண்ணெய்க்காகக் காத்திருக்கும். நல்லெண்ணெயை ஊற்றியவுடன், சோப்பால் ஆகாத காரியத்தை அது செய்து முடித்துவிடும். அதாவது, மடிப்பில் இருந்ததையெல்லாம் கரைத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். அடுப்பில் காய்ச்சினால் அழியுமோ என்றால், அதுவும் இல்லை. அப்பளம் பொரிக்கும் சூட்டுக்கெல்லாம் அது அசையாது.

முகர்ந்து பார்த்தோ, நாய்க்கு ஒரு கவளம் வைத்துப் பார்த்தோ தெரிந்துகொள்ளலாம் என்று நினைப்பதும் தவறு. முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியாதென்று முன்பே சொன்னேன். பிராணிகளுக்குள்ளும் பேதம் உண்டு. எலிகள் இந்த விஷத்தைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. கோழிகள் மனிதனைப் போலவே கால் விழுந்துவிடுகின்றன. அதனால்தான் விஞ்ஞானிகள் இந்தப் பரிசோதனைகளுக்குக் கோழியையே உபயோகிக்கிறார்கள்.

யந்திர எண்ணெயை ஒரேயடியாகத் தூற்றுவதும் நியாயமாகாது. பழைய அனுபவங்களிலிருந்து எண்ணெய்க் கம்பெனிகள் பாடம் கற்றுக்கொண்டன. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, ஆர்த்தோ வகை மிக மிகக் குறைவாக இருக்கும்படி சுத்தம் செய்த ட்ரைக்ரெஸைல் பாஸ்பேட்டையே விமான எண்ணெயில் சேர்த்து வருகிறார்கள். 1959-ல் மெக்னெஸுக்கு வந்த எண்ணெயும் இன்று விமானத்தில் ஊற்றும் எண்ணெயும் ஒன்றல்ல. ஆனால் ஒரு பழைய பீப்பாய்க்குள் எந்த வருஷத்து எண்ணெய் இருந்தது, அதற்குப் பிறகு பூச்சி மருந்து இருந்ததா, வர்ணக் கரைசல் இருந்ததா என்று சொல்ல யாரால் முடியும்? வெளியே ஒட்டிய காகிதம் கடைசி வாடகைக்காரனுடைய பெயரைத்தான் சொல்லும். முன்பு குடியிருந்தவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இதே எண்ணெயைப் பற்றி விமானப் பிரயாணிகளிடையே வேறு ஒரு விவாதம் நடந்து வருகிறது. அதையும் நேயர்கள் அறிந்திருப்பது நல்லது. உயரத்தில் பறக்கும்போது பிரயாணிகள் சுவாசிக்கும் காற்றை, பெரும்பாலான ஜெட் விமானங்களில், யந்திரத்தின் காற்றழுத்தும் பகுதியிலிருந்தே எடுக்கிறார்கள். அதன் பக்கத்திலேதான் மசகு எண்ணெய் ஓடும் தாங்கிகள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவேயுள்ள அடைப்புக்கள் தேய்ந்தாலோ, பழுதடைந்தாலோ எண்ணெய்ப் புகை பிரயாணிகளின் காற்றில் கலந்துவிடக்கூடும். அப்போது அழுக்குக் காலுறையின் நாற்றம் போல ஒரு நாற்றம் வீசும் என்று விமான ஊழியர்கள் சொல்லுகிறார்கள். தலைவலி, மயக்கம், ஞாபக மறதி முதலிய உபாதைகள் இதனால் வருகின்றன என்பது அவர்களில் பலருடைய முறையீடு. 1999-ல் சில ஆராய்ச்சியாளர்கள் இதற்கு ஒரு தனிப் பெயரே கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய செனட் சபை 1999, 2000-ம் ஆண்டுகளில் ஒரு விசாரணையும் நடத்தியது. 1992-ல் விமானத்தில் புகையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டதாக வழக்காடிய ஒரு பணிப்பெண்ணுக்கு அந்நாட்டு நீதிமன்றம் நஷ்டஈடு அளித்தது.

மறு பக்கமும் இருக்கிறது. பிரிட்டனில் கிரான்பீல்டு சர்வகலாசாலையார் நூறு விமானப் பயணங்களில் காற்றை எடுத்துப் பரிசோதித்து 2011-ல் அறிக்கை வெளியிட்டார்கள். பெரும்பாலான மாதிரிகளில் இந்தப் பொருள் அகப்படவே இல்லை. அகப்பட்ட இடங்களிலும் அளவு மிகச் சொற்பம். எண்ணெய்ப் புகைதான் நீடித்த வியாதிக்குக் காரணம் என்று நிரூபணமாகவில்லை என்று பிரிட்டிஷ் விஞ்ஞானக் குழு ஒன்றும் 2007-ல் சொல்லிற்று. இதற்கிடையில், யந்திரத்திலிருந்து காற்றை எடுக்காமல் மின்சார சாதனத்தின் மூலம் வெளிக் காற்றை அழுத்தித் தரும் போயிங் 787 விமானம் 2011-ல் சேவைக்கு வந்துவிட்டது. எப்போதாவது பிரயாணம் செய்யும் நாம் இதை நினைத்துக் கலங்க வேண்டியதில்லை. தினந்தோறும் பறப்பதையே தொழிலாகக் கொண்டவர்களின் முறையீட்டை அலட்சியம் செய்யவும் கூடாது.

தினந்தோறும் இந்த எண்ணெயில் கை வைப்பவர்களும் இருக்கிறார்கள். என்னிடம் படித்த மாணவன் ஒருவன் விமானப் பணிமனையில் வேலை பார்க்கிறான். சென்ற பொங்கலுக்கு வந்தபோது அவனைக் கேட்டேன். "கையுறை இல்லாமல் எண்ணெயைத் தொடக் கூடாது, கை கழுவாமல் சாப்பிட உட்காரக் கூடாது, எண்ணெய் படிந்த உடுப்பை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. முதல் நாளே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள், ஸார்" என்றான். தோல் வழியாகவும் இந்தப் பொருள் உடம்பில் இறங்கக்கூடும். சூடான எண்ணெயின் புகையும் நல்லதல்ல. பணிமனையில் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் இந்தப் பாடத்தை, பழைய எண்ணெயையும் பீப்பாயையும் ஏலத்தில் எடுத்துப் பிழைக்கும் ஏழைத் தொழிலாளிக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?

நம் நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. ஒரு முறை உபயோகித்த தகர டின்னில் மறுபடியும் சமையல் எண்ணெயை அடைத்து விற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கலப்படத்துக்குத் தண்டனை விதிக்க 1954-ல் ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் பழைய இரும்புக் கடையிலிருந்து நம் வீட்டு வாசல் வரையில் எந்த அதிகாரி காவல் நிற்க முடியும்? அந்தத் தூரத்துக்கு நாமேதான் அதிகாரிகள். சுதந்திர தேசத்துப் பிரஜை என்பதற்கு இதுவும் ஓர் அர்த்தம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

குடும்பத் தலைவிகளுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முன்னால் என்ன இருந்தது என்று தெரியாத டின்னோ, கேனோ, பீப்பாயோ எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் சாப்பாட்டுப் பொருளுக்கோ, குடி தண்ணீருக்கோ வேண்டாம். சில்லறையாக வாங்கும் எண்ணெயின் விலை ஊர் விலையைவிட மிகவும் குறைந்தால் சந்தோஷப்படுவதற்கு முன் ஏன் என்று கேளுங்கள். வீட்டில் இரண்டு பேருக்கு ஒரே சமயத்தில் கெண்டைக்கால் வலித்துப் பாதம் சோர்ந்தால், வாயு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு இராமல் வைத்தியரிடம் செல்லுங்கள். சென்ற மூன்று வாரத்தில் சாப்பிட்டது என்ன என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் எண்ணெயைக் கொட்டிவிடாமல் எடுத்து வையுங்கள். மெக்னெஸிலும் தேயிலைத் தோட்டத்திலும் உண்மை வெளிவந்தது, எதைச் சாப்பிட்டார்கள் என்று யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டதனால்தான்.

பீப்பாயின் கதி என்ன ஆயிற்று என்று நேயர்கள் கேட்பார்கள். மைத்துனர் சற்று நேரம் மௌனமாக இருந்துவிட்டு, "சரி அத்தான், நாளைக்கே கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். ஐந்நூறாவது தருவான்" என்றார்.

அதற்கு என் மனைவிதான் பதில் சொன்னாள். "அப்புறம் அதை வேறு யாராவது வாங்கிக்கொண்டு போய் எண்ணெய் ஊற்றினால்? அவர்கள் வீட்டிலும் பெண் குழந்தை இருக்காதா, தம்பி?"

மைத்துனர் எழுந்தார். தோட்டத்து மூலையில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பீப்பாயின் அடியில் மூன்று இடத்திலும் வயிற்றில் நாலு இடத்திலும் ஓங்கிக் குத்தினார். இனி அதில் எண்ணெயும் நிற்காது, தண்ணீரும் நிற்காது. மறுநாள் வெறும் இரும்பாக எடை போட்டு விற்றதில் அவருக்குக் கைக்கு வந்தது முந்நூற்று இருபது ரூபாய். இருநூற்று எண்பது ரூபாய் நஷ்டம். கல்யாணத்துக்கு எண்ணெய் புது டின்களில் வருகிறது.

பெண்ணுக்குச் செய்யும் சீர் வரிசைகளில் இந்த இருநூற்று எண்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளும்படி நான் அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.